எந்தப் பந்து அதிகம் துள்ளும் என்பது பாதிக் கேள்விதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் அறிவியல் பக்கங்களில் பந்து துள்ளும் சோதனை அடிக்கடி இடம்பெறுகிறது. பெரும்பாலும் அதன் வடிவம் ஒன்றுதான்: நாலைந்து பந்துகளை எடுத்துக்கொள், ஒரே உயரத்திலிருந்து போடு, எது உயரமாக எழும்புகிறது என்று பார், ரப்பர் பந்துக்கு முதலிடம் என்று எழுது. அத்தோடு நோட்டை மூடிவிடலாம். ஒரு பந்து, ஒரு அளவுநாடா, கொஞ்சம் சுவர் இருந்தாலே எட்டு வயதுப் பிள்ளை உண்மையான அளவீட்டைக் கற்றுக்கொள்ளக்கூடிய சோதனை இது. அதை ஓட்டப்பந்தயம்போல ஆக்கி, முதலிடம் யாருக்கு என்பதோடு நிறுத்திவிடுவது வருத்தமாக இருக்கிறது. இதைச் சரியாகச் செய்யும் முறையையும், பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பதையும் விளக்கவே இந்தக் கடிதம்.

முதலில் கேள்வியை மாற்ற வேண்டும். ‘எது அதிகம் துள்ளும்’ என்பதற்குப் பதிலாக, ‘விழுந்த உயரத்தில் எத்தனை பங்கு திரும்பி எழும்புகிறது’ என்று கேட்க வேண்டும். 100 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட பந்து 55 செ.மீ. எழும்பினால் விகிதம் 0.55. இந்த ஒரு வகுத்தல் போதும், சோதனையின் முகமே மாறிவிடும். 50 செ.மீ.யிலிருந்து விட்டால் 28 வரும், 150இலிருந்து விட்டால் 82 வரும் என்று பிள்ளை முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு போட்டுப் பார்க்கலாம். தான் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் பந்து வந்து நிற்பதைப் பார்க்கும் குழந்தையின் முகத்தைக் கவனித்தால் இந்த வகுத்தலின் அருமை புரியும்.

இனி ஏற்பாடு. சிமெண்ட் தரையோ நன்றாகப் பதிந்த கல் தரையோ இருக்கும் இடத்தில், சுவரோடு அளவுநாடாவைச் செங்குத்தாக ஒட்ட வேண்டும். இங்கேயே முதல் தவறு நுழைகிறது. 30 செ.மீ. ஸ்கேல்கள் பலவற்றில் பூஜ்ஜியக் கோட்டுக்கு முன்னால் சில மில்லிமீட்டர் வெற்று இடம் இருக்கும். ஸ்கேலை நிறுத்திவைத்து அடுக்கடுக்காகக் குறித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு அடுக்கிலும் அந்த வெற்று இடம் சேர்ந்துகொண்டே வரும். நாடாவின் பூஜ்ஜியம் தரையைத் தொடுகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் ஒட்ட வேண்டும். பந்து சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி விழட்டும். ஒட்டினாற்போல் விட்டால் சுவரில் உரசும். விழும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் வட்டமிட்டுவிடுங்கள். ஓடு பதித்த தரையில் சில இடங்களில் அடியில் வெற்றிடம் இருக்கும். அங்கே பந்து விழுந்தால் ‘டொக்’ என்று மந்தமான ஓசை வரும், எழும்பும் உயரமும் குறையும். பத்து செ.மீ. நகர்ந்தாலே எண் மாறுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

உயரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? பந்தின் அடிப்பக்கத்திலிருந்துதான், விடும்போதும் சரி, எழும்பும்போதும் சரி. பிள்ளைகள் இயல்பாகச் செய்வது வேறு. விடும்போது அடிப்பக்கத்தைக் கோட்டில் வைப்பார்கள், எழும்பும்போது பந்தின் தலையைப் பார்ப்பார்கள். டென்னிஸ் பந்தின் விட்டம் 6.54 முதல் 6.86 செ.மீ. வரை. ஆகவே 55 செ.மீ. எழும்பிய பந்து 62 செ.மீ. எழும்பியதாக நோட்டில் ஏறிவிடும். இதிலும் மோசம், பெரிய பந்துக்குப் பெரிய பிழை, சிறிய பந்துக்குச் சிறிய பிழை என்று சேர்வதால், ‘பெரிய பந்துதான் நன்றாகத் துள்ளும்’ என்ற பொய்யான முடிவு தானாகவே முளைத்துவிடும்.

பந்தை ‘போடு’ என்று சொல்லாதீர்கள், ‘விடு’ என்று சொல்லுங்கள். போடு என்றால் பிள்ளையின் கை சற்றே கீழே தள்ளும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பந்தின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலையும் ஒரே நேரத்தில் விலக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துக் கையைக் கவிழ்த்தால் பந்து சுழன்றுகொண்டே விழும். சுழலும் பந்து தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் ஓடும், உயரம் குறையும். பேனாவால் பந்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்துவைத்தால் சுழற்சி கண்ணுக்குத் தெரிந்துவிடும். கோடு புரண்டதென்றால் அந்த முறை கணக்கில் சேராது என்று தொடங்குவதற்கு முன்பே விதி வைத்துக்கொள்ளலாம். முன்பே என்பது முக்கியம். எண்ணைப் பார்த்த பிறகு விதி வைத்தால், பிடிக்காத எண்ணைத் தள்ளிவிட அதுவே வழியாகிவிடும்.

மூன்று பேர் சேர்ந்து செய்வது நல்லது. ஒருவர் விடட்டும், ஒருவர் பார்க்கட்டும், ஒருவர் எழுதட்டும். பார்ப்பவரின் கண், பந்து எழும்பி நிற்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு முட்டி போட்டோ குனிந்தோதான் ஆக வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் பந்துக்குப் பின்னால் நாடாவில் கீழேயுள்ள எண் தெரியும். பாடப்புத்தகம் இடமாறு தோற்றப் பிழை என்று சொல்வது இதைத்தான். பந்து எங்கே நிற்கும் என்று தெரியாமல் கண்ணை எங்கே வைப்பது? அதற்குத்தான் முதல் இரண்டு மூன்று முறை எழுதாமல் விட்டுப் பார்ப்பது. தோராயமான மட்டம் தெரிந்த பிறகு கண்ணை அங்கே கொண்டுபோய் அளக்கலாம்.

செல்போன் கேமரா இருந்தால் இன்னும் எளிது. இதற்கு ஸ்லோ மோஷன் வேண்டுமென்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. சாதாரணப் பதிவில் நொடிக்கு 30 படங்கள் வரும். உச்சியில் பந்து ஏறக்குறைய நின்றுவிடுவதால், உச்சிக்கு மிக அருகிலுள்ள படத்துக்கும் உண்மையான உச்சிக்கும் இடையே 1.5 மி.மீ. வித்தியாசம்கூட வராது. தரையைத் தொடும் கணம் வேறு கதை. 1 மீட்டர் விழுந்த பந்தின் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது 15 செ.மீ. போய்விடும். ஆகவே உச்சியை அளக்க சாதாரணப் பதிவு போதும், தரையில் நடப்பதைப் பார்க்கத்தான் ஸ்லோ மோஷன் வேண்டும். கேமராவை எழும்பும் மட்டத்தில், குறைந்தது 2 மீட்டர் தள்ளி, அசையாமல் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு உயரத்துக்கும் ஐந்து முறை. 54, 56, 55, 47, 55 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த 47ஐ என்ன செய்வது? அழிப்பதுதான் பிள்ளைகளின் முதல் எண்ணம், பல பெரியவர்களின் அறிவுரையும் அதுதான். அழிக்கவே கூடாது. பக்கத்தில் ‘பந்து சுழன்றது’ என்றோ ‘கை தள்ளியது’ என்றோ ‘காரணம் தெரியவில்லை’ என்றோ எழுதிவைக்க வேண்டும். ஐந்தின் சராசரி 53.4. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவிலுள்ளதை எடுத்தால் 55. ஒரே ஒரு விலகிய எண் சராசரியை இழுத்துவிட்டது, நடு எண்ணை அசைக்கவில்லை. இந்தப் புள்ளியியல் பாடத்தை இவ்வளவு எளிதாக வேறெங்கே சொல்லித்தர முடியும்?

பிறகு வரைபடம். கிடை அச்சில் விட்ட உயரம், நிலை அச்சில் எழும்பிய உயரம். 50, 100, 150, 200 செ.மீ. என்று நான்கு உயரங்கள் போதும். புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் அமையும். அந்தக் கோடு பூஜ்ஜியத்தைத் தொட்டுச் செல்லும், ஏனென்றால் விழாத பந்து எழும்பாது. கோட்டின் சாய்வுதான் நாம் முதலில் கண்ட விகிதம். உயரம் கூடக்கூடக் கோடு சற்றே கீழே வளையும். பிள்ளை அதைத் தவறு என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும், விடாதீர்கள். வேகமாக மோதும் பந்து அதிகமாக நசுங்குவதால் ஆற்றலில் கூடுதல் பங்கை இழக்கிறது. போகும் வழியில் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

காற்றின் பங்கு நன்றாகத் தெரிய வேண்டுமானால் டேபிள் டென்னிஸ் பந்தை எடுக்கவும். 40 மி.மீ. விட்டம், 2.7 கிராம் எடை மட்டுமே. அதை 30 செ.மீ.யிலிருந்து ஆட்ட மேசைமீது விட்டால் சுமார் 23 செ.மீ. எழும்ப வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி. விகிதம் 0.77. டென்னிஸ் பந்தைவிட நன்றாகத் துள்ளும் பந்து என்றே இது காட்டுகிறது. அதையே 2 மீட்டரிலிருந்து விட்டால் விகிதம் தெளிவாகக் குறைந்துவிடும். தரையைத் தொடும் முன்பே அதன் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் காற்று பிடுங்கிவிடுகிறது, மேலே வரும்போதும் விடுவதில்லை. ஒரே உயரத்தில் மட்டும் சோதித்த பிள்ளைக்கு இது தெரியவே வாய்ப்பில்லை.

டென்னிஸ் பந்துக்கும் இப்படி ஒரு விதி உண்டு. 254 செ.மீ. அதாவது 100 அங்குல உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால், வழக்கமான வகைப் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்கிறது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு. வகுத்தால் 0.53 முதல் 0.58 வரை. பிள்ளை வீட்டுச் சுவரோரம் கண்டுபிடித்த எண்ணை இதோடு ஒப்பிடலாம். எவ்வளவோ குறைவாக வந்தால் பந்து பழையதாக இருக்கும்; உள்ளே அடைத்திருந்த காற்று மெல்ல மெல்லக் கசிந்திருக்கும். பெரும் போட்டிகளுக்கான பந்துக்கு நடத்தும் சோதனைகளில் பிள்ளை செய்யும் இதே சோதனையும் ஒன்று என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

சரி, எழும்பாத மீதி எங்கே போனது? ‘ஆற்றல் இழக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எங்கேயும் தொலையவில்லை. தரையைத் தொட்ட பந்து நசுங்குகிறது, மறுபடி விரிகிறது. டென்னிஸ் பந்துக்கு இதெல்லாம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு அளவு நேரத்தில் முடிந்துவிடும். நசுங்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் விரியும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு உள்ளுக்குள் வெப்பமாகிவிடுகிறது. ஓசையாகப் போவது மிகச் சொற்பம். ‘அப்படியானால் பந்து சூடாக வேண்டுமே’ என்று கேட்கும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. 1 மீட்டர் விழுந்து ஏறக்குறைய பாதி உயரம் எழும்பும் பந்து, அந்த ஒரு மோதலில் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே சூடாகும். கைக்குத் தெரியாது. ஆனால் ஸ்குவாஷ் ஆட்டக்காரர்கள் தொடங்கும் முன் பந்தைச் சுவரில் அடித்து அடித்துச் சூடேற்றுவார்கள். குளிர்ந்த ஸ்குவாஷ் பந்து ஏறக்குறையச் செத்த பந்து.

பந்து நசுங்குவதைக் கண்ணால் பார்க்க அருமையான வழி ஒன்று உண்டு. பந்தின்மேல் சாக்பீஸ் தூளைத் தடவி, தரையில் கறுப்புத் தாளை விரித்து அதன்மேல் விடவும். தாளில் ஒரு வட்டத் தடம் பதியும். 50 செ.மீ.யிலிருந்து விட்டால் சிறிய வட்டம், 200 செ.மீ.யிலிருந்து விட்டால் பெரிய வட்டம். விட்டத்தை ஸ்கேலால் அளந்து எழுதலாம். பந்தைத் தாளின்மேல் மெதுவாக வைத்து எடுத்த தடத்தையும் பக்கத்தில் ஒட்டினால், நசுங்கியது எவ்வளவு என்பதற்குச் சான்று கையிலேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் தூளை ஒரே அளவில் தடவ வேண்டும். அதிகமானால் சிதறி ஓரம் மங்கிவிடும்.

எடை கூடினால் துள்ளல் குறையும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஊறிப்போன ஒன்று. துள்ளலைத் தீர்மானிப்பது முதன்மையாகப் பொருளும் கட்டமைப்பும். 1960களில் வேதியியலர் நார்மன் ஸ்டிங்லி உருவாக்கிய சூப்பர் பால், பாலிபியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. உள்ளே காற்றில்லை, முழுக்கத் திண்மம். ஆனாலும் காற்றடைத்த பந்துகளைத் தோற்கடிக்கும். மறுபுறம், பார்வைக்கு ஒரேபோல இருக்கும் இரண்டு கறுப்பு ரப்பர் பந்துகளை ஆய்வகங்களில் காட்டுவார்கள். நியோபிரீன் பந்து துள்ளும். பாலிநார்போர்னீன் பந்து தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிடும். ‘ரப்பர் என்றால் துள்ளும்’ என்று அறிவியல் நோட்டில் எழுதக் கூடாது என்பதற்கு இந்த ஒரு ஜோடியே போதும்.

வெப்பநிலைச் சோதனையில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பந்தை ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டு ‘மாற்றம் இல்லை’ என்று எழுதுவது வழக்கம். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேல்தோல் குளிர்ந்தாலும் உள்ளே பழைய சூடுதான் இருக்கும். இரண்டு மணி நேரமாவது வைக்க வேண்டும். எடுத்ததும் மேலே பூக்கும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறை விட்டு அளந்துவிட்டு, மறுபடி உள்ளே வைக்க வேண்டும். கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் கைச்சூடு ஏறிவிடும். சூடான பக்கத்துக்கு, பந்தை நெகிழிப் பையில் கட்டி, கை பொறுக்கும் வெந்நீரில் வைத்தால் போதும். அடுப்பு, தீ, மைக்ரோவேவ் எதன் பக்கத்திலும் பந்தைக் கொண்டுபோகக் கூடாது. முடித்த பிறகு பந்தை அறை வெப்பநிலைக்குத் திரும்பவிட்டு, முதலில் அளந்த எண் மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் வெப்பநிலை தவிர வேறு ஏதோ மாறியிருக்கிறது.

குளிர்ந்த பந்து ஏன் குறைவாகத் துள்ளுகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. 27 டிகிரி செல்சியஸிலிருந்து 4 டிகிரிக்குப் போனால் உள்ளே அடைபட்ட காற்றின் மொத்த அழுத்தம் சுமார் 8 சதவீதம் குறைகிறது, ரப்பரும் மந்தமாகிறது. எது எவ்வளவு? ஒரு காற்றடைத்த பந்தையும் ஒரு திண்ம ரப்பர் பந்தையும் சேர்த்தே குளிரவைத்துப் பார்க்கலாம். திண்மப் பந்தில் காற்று இல்லை. அங்கே ஏற்படும் குறைவு முழுக்க ரப்பரால் வந்தது. இரண்டின் ரப்பரும் ஒன்றல்ல என்பதால் இது முழுமையான விடை ஆகாது, ஆனால் காரணங்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வரும்.

தரையை மாற்றும் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துணியை ஒரு மடிப்பு, இரண்டு, நான்கு, எட்டு என்று அடுக்கி அதன்மேல் விட்டால் எண் படிப்படியாக இறங்கும். கால்பந்தில் காற்றின் அளவை மாற்றுவதாக இருந்தால் பம்ப் அடித்த எண்ணிக்கையை எழுதிக்கொள்ளலாம். ஊசியை ஈரப்படுத்திச் செருக வேண்டும், வால்வு அருகே அச்சிட்ட அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. கண்ணாடிக் கோலியையும் இரும்புக் குண்டையும் கல் தரையில் விடுவது வேண்டாம், சில்லு தெறிக்கும். 2 மீட்டர் உயரத்துக்கு நாற்காலியில் ஏற வேண்டியிருந்தால் பெரியவர் விடட்டும், பிள்ளை அளக்கட்டும்.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு அளவுநாடாவே இல்லாத ஒரு முறை இருக்கிறது. எங்களுக்கு மிகப் பிடித்ததும் இதுதான். செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பந்தை ஒரே ஒருமுறை விட்டு, தானாக அடங்கும்வரை துள்ளவிட வேண்டும். ஒலி அலையின் படத்தைக் காட்டும் செயலியில் திறந்தால் ஒவ்வொரு மோதலும் ஒரு கூர்முனையாகத் தெரியும். முதல் மோதலுக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட நேரம் 0.67 நொடி என்று வைத்துக்கொள்வோம். அதை அதனாலேயே பெருக்கி, 122.5ஆல் பெருக்கினால் 55 வரும். பந்து எழும்பிய உயரம் 55 செ.மீ. அடுத்த இடைவெளி 0.50 நொடி என்றால் சுமார் 31 செ.மீ. 31ஐ 55ஆல் வகுத்தால் 0.56, நாடாவால் அளந்த 0.55க்கு மிக அருகில். 122.5 எங்கிருந்து வந்தது? புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது செ.மீ., நொடிக் கணக்கில் 980ஐ, 8ஆல் வகுத்தது. இடைவெளி நேரத்தில் பாதி ஏறுவதற்கு, பாதி இறங்குவதற்கு என்பதிலிருந்து இது பிறக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைத் தரையில் ஒரு துணியின்மேல் வைத்துப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் கடைசிச் சிறு துள்ளல்கள் இரைச்சலில் மறைந்துவிடும். கண்ணும் நாடாவும் சொன்னதைக் காதும் கடிகாரமும் உறுதிசெய்யும்போது, தன் எண்மீது பிள்ளைக்கு வரும் நம்பிக்கை தனி.

ஆகவே, இந்தச் சோதனையைத் தங்கள் சிறுவர் பக்கத்தில் அடுத்தமுறை வெளியிடும்போது விடையை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று போதும்: விட்ட உயரம், ஐந்து முறை எழும்பிய உயரம், நடு எண், விகிதம். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ‘எவ்வளவு வரும் என்று நினைக்கிறாய்’ என ஒரு கட்டமும், பின்னால் ‘எந்த எண் விலகியது, ஏன்’ என எழுதச் சற்றே அகலமான ஒரு கட்டமும் விட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
சிறுவர் அறிவியல் செயல்முறைப் பயிற்றுநர்கள்